பழகிய வழியும் தவறுவது ஏன்?

நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு வரும் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் இரண்டு அடிக்கடி திரும்ப வருகின்றன. "கண் மருத்துவர் பார்வை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பிறகு ஏன் இவர் வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டே இருக்கிறார்?" என்பது ஒன்று. "முப்பது ஆண்டுகள் நடந்த தெருவில் அப்பாவுக்கு வழி தெரியவில்லை. இது வயதா, கவனக்குறைவா?" என்பது மற்றொன்று. முதல் கேள்வி பெரும்பாலும் பக்கவாதத்திற்குப் பின் எழுவது. இரண்டாவது, முதுமையில் மெல்லத் தொடங்கும் மறதிநோயை ஒட்டி எழுவது.

இவ்விரு கேள்விகளுக்கும் பொதுவான ஒரு விடை உண்டு. வழி அறிந்து நடத்தல் என்பது கண் எங்கே திரும்புகிறது, கவனம் எதைப் பற்றிக்கொள்கிறது, நினைவு எதைச் சேமிக்கிறது என்ற மூன்றும் சேர்ந்து நிறைவேற்றும் செயல். இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் மனிதர் வழி தவறுவார், இடித்துக்கொள்வார், சாலையில் ஆபத்துக்கு உள்ளாவார். பழுது எங்கே என்று அறிந்தால்தான் அவருக்கு எவ்வாறு உதவுவது என்பது புலப்படும். டிரெய்லர் லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் இரவு பகலாக ஓடும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் வாழும் நமக்கு இந்த அறிவு உயிர்காக்கும் அறிவாகும்.

கண் எதைப் பார்க்கிறது?

கையை நேரே நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். ஏறத்தாழ அந்த விரல் நகத்தின் அளவுள்ள பரப்பை மட்டுமே நம் கண் எந்த நொடியிலும் மிகத் தெளிவாகக் காண்கிறது. விழித்திரையின் நடுவே உள்ள சிறு குழிப்பகுதிக்கே அந்தக் கூர்மை உண்டு. அதைச் சுற்றியுள்ள பார்வை மங்கலானது. அசைவையும் வெளிச்ச மாற்றத்தையும் உணர்த்துவதே அதன் சிறப்பு. அவ்வாறிருந்தும் முழுக் காட்சியும் தெளிவாக இருப்பதுபோல் நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், கண் ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாவிக்கொண்டே இருப்பதுதான். அத்துண்டுகளை இணைத்து ஒரே காட்சியாக்கித் தருவது மூளை.

கண் எங்கே தாவ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் நம் நோக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு. ரஷ்ய ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் ஒரே ஓவியத்தைக் காட்டி வெவ்வேறு கேள்விகளைக் கேட்டபோது, கேள்வி மாறியதும் கண்ணின் பாதையும் மாறியது. ஓவியத்தில் உள்ளவர்களின் வயது என்ன என்று கேட்டால் கண் முகங்களை நாடியது. வேறு கேள்விக்கு வேறு இடங்களை நாடியது. 1967இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூல் இத்துறைக்கு அடிப்படையாக அமைந்தது.

சாலையிலும் இவ்வாறே. 1994இல் மைக்கேல் லேண்ட், டேவிட் லீ ஆகிய இருவரும் வளைவான சாலையில் கார் ஓட்டுவோரின் கண்ணசைவைப் பதிவு செய்தனர். வளைவுக்குள் நுழைவதற்கு ஓரிரு நொடிகள் முன்பே, வளைவின் உட்புற விளிம்பைக் கண் தேடிச் செல்வதை அவர்கள் கண்டனர். கை திரும்புமுன் கண் திரும்பிவிடுகிறது. பிற்காலத்து ஆய்வொன்றில், இரு பாதைகள் பிரியும் இடத்தின் படத்தைக் காட்டியபோது, எப்பாதையை ஒருவர் தேர்ந்தெடுக்கப்போகிறாரோ அப்பக்கமே அவருடைய கண் மிகுதியாகச் சாய்ந்தது.

கண் ஒரு பொருளின்மீது பட்டாலும் கவனம் வேறிடத்தில் இருந்தால் அப்பொருள் மனத்தில் பதியாது. கைபேசியைக் கையில் பிடிக்காமல் காதில் மாட்டிப் பேசிக்கொண்டு வண்டி ஓட்டுவதும் ஆபத்தானது என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான். கண் சாலையில் இருக்கும். கவனம் பேச்சில் இருக்கும். உடல்நலம் உள்ளவர்களுக்கே நிலைமை இதுவாயின், மூளையில் பழுது நேர்ந்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

வழி அறியும் இரு முறைகள்

நாம் வழியை இரண்டு முறைகளில் நினைவில் கொள்கிறோம். முதலாவதை வரிசை முறை எனலாம். "இந்தக் கடை வந்ததும் வலப்புறம், பள்ளி வந்ததும் இடப்புறம்" என்று திருப்பங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்தல். இரண்டாவது வரைபட முறை. ஊர்கள், சாலைகள், கோயில்கள், ஏரிகள் ஆகியவை ஒன்றுக்கொன்று எத்திசையில் அமைந்துள்ளன என்பதை மனத்தில் படமாக வைத்திருத்தல்.

ஒரகடம் சந்திப்பையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து வரும் ஒருவர் படப்பைக்குச் செல்ல, சந்திப்பில் வலப்புறம் திரும்ப வேண்டும். "ஒரகடத்தில் வலப்புறம்" என்று மட்டும் மனத்தில் பதித்தவர், வேறொரு நாள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்து அதே சந்திப்பில் வலப்புறம் திரும்பினால் வாலாஜாபாத் சாலையில் சென்றுகொண்டிருப்பார். படப்பை ஒரகடத்திற்கு வடகிழக்கே உள்ளது என்று அறிந்தவருக்கோ எப்பக்கமிருந்து வந்தாலும் குழப்பம் இராது.

இம்முறைகளுக்கு மூளையில் தனித்தனி இருப்பிடங்கள் உள்ளன. வரிசை முறை, பழக்கங்களைப் பதித்து வைக்கும் மூளையின் ஆழ்பகுதியைச் சார்ந்தது. வரைபட முறை, ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியையும் அதை ஒட்டியுள்ள புறணியையும் சார்ந்தது. ஓர் உயிர் குறிப்பிட்ட இடத்திற்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்களை ஜான் ஓகீஃப் 1971இல் எலிகளின் ஹிப்போகேம்பஸில் கண்டறிந்தார். இடத்தைக் கட்டம் கட்டமாக அளக்கும் நரம்பணுக்களை மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோரின் குழு 2005இல் அந்தப் புறணியில் கண்டறிந்தது. இம்மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. லண்டன் நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனனம் செய்து உரிமம் பெறும் டாக்சி ஓட்டுநர்களின் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்ததை எலினார் மக்வையர் குழுவினர் 2000இல் வெளியிட்டனர்.

எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. 2003இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், கணினித் திரையில் அமைத்த சிக்கலான பாதைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் தாமாகவே அடையாளங்களைக் கொண்டு வழி கண்டனர். மற்றவர்கள் திருப்பங்களை எண்ணிச் சென்றனர். முறை மாறும்போது பார்வை செல்லும் இடமும் மாறுகிறது. வரைபட முறையில் செல்பவர் புறப்படும்போதே தொலைவிலுள்ள அடையாளங்களைத் தேடிப் பார்க்கிறார். வரிசை முறையில் செல்பவர் தம் முன்னுள்ள பாதையையும் அடுத்த திருப்பத்தையும் நாடுகிறார்.

தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிச்செய்தி உண்டு. மொழியியலாளர் எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் ஆய்வு செய்து 1993இல் வெளியிட்ட கட்டுரையில், நாட்டுப்புறத்தார் பலர் அருகிலுள்ள சிறு பொருள்களைக்கூடக் கிழக்கு, மேற்கு என்று திசைகளாலேயே குறிப்பதையும், நகரத்தார் இடம், வலம் என்று குறிப்பதையும் எடுத்துக்காட்டினார். நம் வட்டாரத்து முதியவர்களும் "ஏரிக்கு மேலண்டை", "கோயிலுக்குத் தெற்கால" என்றுதானே சொல்வார்கள்? அவ்வாறு பேச, தாம் எத்திசை நோக்கி நிற்கிறோம் என்பதை மனம் இடைவிடாமல் கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

ஊர் மாறும்போது

முதுமையில் வரைபட முறை மெல்லத் தளர்கிறது. பழகிய வரிசையைப் பற்றிக்கொண்டு நடப்பது கூடுகிறது. இது நோயன்று, இயல்பான மாற்றம். ஆனால் அந்த வரிசையில் உள்ள அடையாளங்கள் மாறினால் முதியவர் திகைத்து நிற்பார்.

கடந்த முப்பது ஆண்டுகளில் நம் வட்டாரம் மாறிய அளவு அனைவரும் அறிந்ததே. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் பெரும் கார் ஆலை திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம்–வடகால் எனச் சிப்காட் வளாகங்கள் விரிந்தன. பனைமரமும் களத்துமேடும் பம்புசெட்டும் இருந்த இடங்களில் இன்று நீண்ட மதிற்சுவர்கள் உள்ளன. ஒரு மதிலுக்கும் அடுத்த மதிலுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. கண் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாத இடத்தில் கவனம் நிலைகொள்ளாது, நினைவும் பதியாது. வேலைக்காகப் புதிதாகக் குடிவந்த இளைஞரே இரவில் தாம் தங்கியிருக்கும் தெருவைத் தவறவிடுவது உண்டு.

ஆகவே, புதிய சாலையில் முதியவர் ஒருமுறை குழம்பியதை மட்டும் வைத்து அவருக்கு மறதிநோய் என்று முடிவு செய்யலாகாது. மாறாத அடையாளங்கள் உள்ள, நாள்தோறும் நடக்கும் பாதையில் அவர் குழம்பினால் அதனைப் புறக்கணிக்கவும் கூடாது.

நோய் எங்கே தாக்குகிறது?

வழி தவறச் செய்யும் நோய்நிலைகள் பல. அவற்றுள் நான்கினைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, பார்வைப்புலத்தின் ஒரு பாதியை இழத்தல். மூளையின் பின்பகுதியில் பக்கவாதம் தாக்கினால் இரு கண்களிலும் ஒரே பக்கத்துக் காட்சி மறைந்துவிடும். நோயாளி இதனை "இடக்கண் தெரியவில்லை" என்று சொல்வார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் மறு கண்ணிலும் அதே பக்கம் தெரியாதிருப்பது விளங்கும். எழுத்துப் பலகையை வாசிக்கும் வழக்கமான சோதனையில் இது தப்பிவிடக்கூடும். பார்வைப்புலச் சோதனை தனியே தேவை. இத்தகையோர் பலர் தம் குறையை அறிவார்கள். அறிந்தபின் தலையையும் கண்ணையும் திருப்பி ஈடுசெய்யக் கற்றுக்கொள்ள முடியும்.

இரண்டாவது, ஒருபக்கப் புறக்கணிப்பு. இங்கே பழுதுபடுவது கவனம். பெரும்பாலும் மூளையின் வலது பாதியில் பக்கவாதம் தாக்கியவர்களிடம் இது காணப்படுகிறது. கண்ணுக்கு இடப்பக்கம் தெரியலாம். ஆனால் மனம் அப்பக்கத்தை நாடுவதில்லை. தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்பார். முகத்தின் வலப்பக்கம் மட்டும் சவரம் செய்வார். இடப்புறம் நின்று அழைத்தால் வலப்புறம் தேடுவார். தமக்குக் குறை இருப்பதை அவர் உணர்வதே இல்லை என்பதுதான் இதன் பேராபத்து.

இத்தாலியின் மிலான் நகரில் 1978இல் எடுவார்டோ பிசியாக், கிளாடியோ லுட்சாட்டி ஆகிய ஆய்வாளர்கள் இத்தகைய இரு நோயாளிகளிடம், அவர்கள் நன்கறிந்த பேராலயச் சதுக்கத்தைக் கற்பனை செய்து விவரிக்கச் சொன்னார்கள். ஆலயத்தை நோக்கி நிற்பதாகக் கற்பனை செய்தபோது, தம் வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் கூறினர். பின்னர் ஆலய வாயிலிலிருந்து சதுக்கத்தை நோக்குவதாகக் கற்பனை செய்யச் சொன்னதும், முன்பு விட்டுவிட்ட கட்டடங்களைக் கூறினர். முன்பு கூறியவற்றை விட்டுவிட்டனர். நினைவில் எல்லாக் கட்டடங்களும் இருந்தன. மனக்கண்ணின் இடப்பக்கத்திற்குக் கவனம் செல்லவில்லை. இதனை அறிந்த குடும்பத்தார், "வேண்டுமென்றே செய்கிறார்", "பிடிவாதம் பிடிக்கிறார்" என்று நோயாளியைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

மூன்றாவது, அல்சைமர் உள்ளிட்ட மறதிநோய். கட்டம் கட்டமாக இடத்தை அளக்கும் நரம்பணுக்கள் உள்ள புறணியும் ஹிப்போகேம்பஸும் அல்சைமர் நோயில் முதலில் பாதிக்கப்படும் பகுதிகளைச் சேர்ந்தவை. எனவே பெயர்கள் மறப்பதற்கு முன்போ அதனுடன் சேர்ந்தோ வழி மறப்பது தொடங்கலாம். பழைய வரிசையில் செல்லும் வரை குறை வெளிப்படாது. சாலைப்பணிக்காக வழக்கமான தெரு அடைக்கப்பட்டு, மாற்றுவழியில் செல்ல நேரும் நாளில்தான் வெளிப்படும்.

நான்காவது, கண்ணிலேயே ஏற்படும் கிளாக்கோமா. இது வலியின்றிப் பக்கவாட்டுப் பார்வையை மெல்லக் குறைத்துக்கொண்டே வரும். நேரே உள்ள எழுத்துகள் நெடுங்காலம் தெளிவாகவே தெரியும். படிக்கட்டு ஓரத்தில் தடுக்குவதும், பக்கத்திலிருந்து வரும் வண்டியைக் காணாமல் திடுக்கிடுவதும் இதன் விளைவாக இருக்கலாம். நாற்பது வயதைக் கடந்தவர்கள், குறிப்பாகக் குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள், கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை

மருத்துவரிடம் வருமுன் சில நாள்கள் உற்றுநோக்கிக் குறித்து வாருங்கள். எந்தப் பக்கம் இடித்துக்கொள்கிறார்? எப்போதும் ஒரே பக்கமா? தட்டில் ஒரு பக்கம் மிஞ்சுகிறதா? நாளிதழில் வரியின் தொடக்கச் சொற்களை விட்டு வாசிக்கிறாரா? வழி குழம்பியது புதிய இடத்திலா, பழகிய இடத்திலா? போகும்போதா, திரும்பும்போதா? குழம்பியதைத் தாமே உணர்ந்து யாரிடமாவது கேட்டாரா, அல்லது உணராமல் நடந்துகொண்டே இருந்தாரா? இரவில் மட்டும் நிகழ்கிறதா? புதிய மாத்திரை தொடங்கிய பின் வந்ததா?

இக்குறிப்புகள் எங்களுக்குப் பெருந்துணையாகும். ஒரு கோட்டின் நடுவைக் குறிக்கச் சொல்லுதல், தாளில் சிதறியுள்ள குறிகளை அடிக்கச் சொல்லுதல், கடிகாரம் வரையச் சொல்லுதல் போன்ற எளிய சோதனைகளுடன் இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பழுது எங்கே என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். தேவைப்படின் ஸ்கேன் உறுதி செய்யும்.

பயிற்சியும் துணையும்

பார்வைப்புலம் இழந்தவர்களுக்கும் புறக்கணிப்பு உள்ளவர்களுக்கும் கண்ணைத் தேடவைக்கும் பயிற்சி அளிக்கிறோம். மேசையின் அல்லது புத்தகப் பக்கத்தின் இடது விளிம்பில் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டிவிடுங்கள். "சிவப்பைக் கண்ட பிறகு தொடங்குங்கள்" என்பதே கட்டளை. வாசிக்கும்போதும் உண்ணும்போதும் தொலைக்காட்சி பார்க்கும்போதும் இதனையே கடைப்பிடியுங்கள். கண் தானாகச் செல்லாத பக்கத்திற்கு நோக்கத்தின் வலிமையால் அதை அழைத்துச் செல்வதே இப்பயிற்சி. நாள்தோறும் சிறிது சிறிதாக, சோர்வுறாத நேரத்தில் செய்தல் வேண்டும்.

பேசும்போது அவருடைய இடப்பக்கம் அமர்ந்து, கையைத் தொட்டு, பெயர் சொல்லி அழையுங்கள். ஆனால் அழைப்பு மணி, தண்ணீர்ச் செம்பு, ஊன்றுகோல் ஆகியவற்றை அவர் கவனிக்கும் வலப்பக்கமே வைத்திருங்கள். பயிற்சி ஒருபுறம் இருக்க, தேவைப்படும்போது பொருள் கைக்கு எட்ட வேண்டும். முப்பட்டகக் கண்ணாடி அணிந்து செய்யும் பயிற்சி ஒன்று 1998 முதல் ஆராயப்பட்டு வருகிறது. அது சிலருக்குப் பயன் தருகிறது, எல்லோருக்கும் அன்று; எனவே மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே அதனை மேற்கொள்ள வேண்டும்.

மறதிநோய் உள்ளவர்களுக்குப் பயிற்சியைவிடச் சூழலை நிலையாக வைத்தல் முதன்மையானது. வீட்டில் கட்டிலையும் பீரோவையும் இடம் மாற்றாதீர்கள். கழிப்பறைக் கதவுக்குத் தனி நிறம் பூசி, கண் மட்டத்தில் படம் ஒட்டுங்கள். இரவில் அங்குச் செல்லும் வழியில் சிறு விளக்கு எரியட்டும். நடைப்பயிற்சிக்கு ஒரே பாதையைத் தேர்ந்தெடுத்து, துணையுடன் அனுப்புங்கள். சட்டைப்பையில் பெயரும் குடும்பத்தாரின் கைபேசி எண்ணும் எழுதிய அட்டை இருக்கட்டும். அண்மையில் எடுத்த ஒளிப்படம் ஒன்று உங்கள் கைபேசியில் இருப்பது, அவர் காணாமற்போக நேர்ந்தால் தேடுவோருக்கு உதவும். முதியோர் நலனுக்கான 14567 என்னும் இலவச எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

நோயற்ற முதியவர்களுக்கும், ஊருக்குப் புதியவர்களுக்கும் எளிய வழிமுறை ஒன்று சொல்வோம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கணம் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். திரும்பும்போது அதே இடம் வேறொரு தோற்றத்தில் எதிர்ப்படும். முன்பே ஒருமுறை பார்த்து வைத்தால் கண்ணுக்கு அது புதிதாக இராது. மதிற்சுவரையும் விளம்பரப் பலகையையும் அடையாளமாகக் கொள்ளாமல், மாறாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: கோயில் கோபுரம், ஏரிக்கரை, தண்ணீர்த் தொட்டி, பாலம். அது எத்திசையில் உள்ளது என்றும் சொல்லிப் பாருங்கள்.

கைபேசி வழிகாட்டியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆயினும் அதை நெடுங்காலம் மிகுதியாகச் சார்ந்திருந்தவர்களின் இட நினைவு குறைவாக இருந்ததாக 2020இல் கனடாவிலிருந்து வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு தெரிவித்தது. பழகிய வழிகளில் அதனை அணைத்துவிட்டுச் செல்வது நல்ல பழக்கம்.

மருத்துவமனைக்குப் பலமுறை வர இயலாத குடும்பங்கள், தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வீட்டிலேயே இயன்முறை மருத்துவம் பெற வாய்ப்புண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வாகனமும் வேலையும்

எங்களிடம் மிகுந்த தயக்கத்துடன் கேட்கப்படும் கேள்வி, "எப்போது வண்டி ஓட்டலாம்?" என்பது. கை கால் வலிமை திரும்பிவிட்டால் ஓட்டலாம் என்று பலர் எண்ணுகின்றனர். அது போதாது. இடப்பக்கத்தைப் புறக்கணிக்கும் ஒருவர் இருசக்கர வாகனத்தில் செல்லும்போது, இடப்புற ஓரத்தில் நடந்து செல்பவரும், இடப்புறக் கிளைச்சாலையிலிருந்து வெளிவரும் லாரியும் அவருடைய மனத்தில் இல்லவே இல்லை. அவருக்கு அந்தச் சாலை வெறுமையாகவே தோன்றும். "நான் நன்றாகத்தான் ஓட்டுகிறேன்" என்று அவர் சொல்வது பொய்யன்று. அவர் அறிந்தது அவ்வளவே. எனவே நோயாளியின் சொல்லை மட்டும் நம்பி வண்டிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். புறக்கணிப்பு நீடிக்கும் வரையிலும், பார்வைப்புலத்தின் பாதி இழந்த நிலையிலும் வாகனம் ஓட்டவே கூடாது என்பது எங்கள் உறுதியான அறிவுரை. சைக்கிளும் இதில் அடங்கும்.

தொழிற்சாலைப் பணிக்கும் இது பொருந்தும். போர்க்லிப்ட் ஓட்டுதல், பிரஸ் எந்திரத்தில் நிற்றல், கன்வேயரின் இருபுறமும் கவனித்தல் ஆகியவை பக்கவாட்டுக் கவனத்தைக் கோருவன. பணிக்குத் திரும்புமுன் எங்களிடம் பணியின் தன்மையை விவரமாகச் சொல்லுங்கள். கை கால் திறனுடன் கவனத்தின் நிலையையும் சான்றிதழில் குறிப்பிடுவோம். தொழிற்சாலை மருத்துவரிடம் அதனைக் காட்டி, சிறிது காலத்திற்கு வேறு பணி கேட்கலாம். வருமானம் நின்றுவிடுமோ என்ற அச்சத்தால் குறையை மறைப்பவர்கள் உள்ளனர். அந்த அச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் மறைத்துவிட்டு எந்திரத்தின் முன் நிற்பதால் வரும் இழப்பு, சில மாத ஊதியத்தைவிடப் பெரிது.

இரவு ஷிப்டு முடித்துத் திரும்பும் உடல்நலம் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். உறக்கம் குறைந்தால் கவனம் சிதறும். கண் திறந்தபடியே சில நொடிகள் மூளை உறங்கிவிடுவதும் உண்டு. அத்தகைய காலைவேளைகளில் சொந்த வண்டியை விடுத்துக் கம்பெனிப் பேருந்தில் வருவது நன்று.

உடனே வரவேண்டிய நிலை

மேற்கூறியவை நாள்பட்டு வெளிப்படும் நிலைகள். திடீரென ஒரு பக்கப் பார்வை மறைதல், திடீரெனப் பழகிய இடம் அந்நியமாகத் தோன்றுதல், அவற்றுடன் வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு கை தளர்தல் ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108 எண்ணை அழையுங்கள். இரத்த உறைவைக் கரைக்கும் மருந்தை, தகுதியுள்ள நோயாளிகளுக்கு, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள்; நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகவே இருக்கும்.

மற்ற நிலைகளில் அவசரம் இல்லை. ஆனால் தாமதமும் வேண்டாம். அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, மேலே கூறிய கேள்விகளுக்கான விடைகளை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். நாள்தோறும் அவருடன் நடந்து செல்பவர் எவரோ, அவரையும் உடன் அழைத்து வாருங்கள். நோயாளி எங்கே தடுமாறுகிறார் என்பதை எங்களைவிட அவரே நன்கறிவார்.